மண்ணின் வில்லங்கம்

நம் நாட்டில் ஒருவர் வீட்டுமனை வாங்க எண்ணினால் முதலில் பட்டாவைப் பார்க்கிறார், மூலப்பத்திரத்தைக் கேட்கிறார், பிறகு பதிவு அலுவலகத்துக்குச் சென்று வில்லங்கச் சான்று பெறுகிறார். அடமானம் உண்டா, வேறு எவருக்கேனும் உரிமை உண்டா என்பதையெல்லாம் ஆராய்ந்து தெளிந்த பின்னரே முன்பணம் கொடுக்கிறார். இது அனுபவம் கற்பித்த எச்சரிக்கை. ஆனால் அந்தச் சான்றில் எழுதப்படாத வில்லங்கம் ஒன்று உண்டு. அது நிலத்தின் உரிமையைப் பற்றியதன்று. நிலத்தின் உடம்பைப் பற்றியது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்த மண்ணில் எதைக் கொட்டினார்கள், எதைப் புதைத்தார்கள் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் எந்தப் பத்திரமும் விடை கூறுவதில்லை. அக்கேள்வியைக் கேட்காமல் விட்டதனால் விளைந்த துன்பத்தின் சரித்திரத்தையே இன்று உங்களுக்குக் கூற எடுத்துக்கொண்டேன்.

கழிவுகளை ஊருக்கு வெளியே கொட்டுவது எல்லா நாடுகளிலும் இருந்து வந்த வழக்கம். தோல் பதனிடுவோரும் சாயம் காய்ச்சுவோரும் ஊர்ப்புறத்திலேயே தொழில் நடத்தினர். ஊர் சிறியதாகவும், கழிவு மக்கி மண்ணாகக் கூடியதாகவும் இருந்த காலத்தில் அதனால் விளைந்த கேடு ஓர் எல்லைக்குள் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு இரண்டு மாறுதல்கள் நேர்ந்தன. ஈயம், குரோமியம், காட்மியம் போன்ற உலோகங்களும், ஆலைகளில் புதிதாக ஆக்கப்பட்ட இரசாயனங்களும் பெருமளவில் கழிவாக வெளிவந்தன. உலோகம் மக்குவதில்லை, அந்த இரசாயனங்களுள் பலவும் எளிதில் சிதைவதில்லை. இது முதல் மாறுதல். நகரங்கள் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் வளரத் தொடங்கின. இது இரண்டாவது. நகரின் எல்லை ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே போகிறது. புதைத்த நஞ்சோ அங்கேயே கிடக்கிறது. நேற்றைய ஊர்ப்புறம் இன்றைய குடியிருப்பு ஆகிறது. இவ்விரண்டு மாறுதல்களும் ஒன்றையொன்று சந்தித்த இடங்களில்தான் மனிதனுக்குத் துன்பம் வந்தது.

அப்படி அவை சந்தித்த ஓர் இடத்தின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றி நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதன் அருகே, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயார்க் மாநிலத்தில், அதே பெயருடைய ஒரு நகரம் உண்டு. 1892ஆம் ஆண்டில் வில்லியம் லவ் என்பவர் அங்கே ஒரு பெருந்திட்டத்தோடு வந்தார். நயாகரா ஆற்றின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் ஒரு கால்வாயால் இணைத்து, அந்த நீரின் வீழ்ச்சியால் மின்சாரம் எடுத்து, அதைச் சுற்றி ஒரு மாதிரி நகரத்தையே எழுப்புவது அவர் கனவு. நேர்மின்னோட்டத்தை அக்காலத்தில் நெடுந்தூரம் கொண்டுசெல்ல இயலாது. ஆகையால் மின்சாரம் வேண்டுவோர் தம் ஆலைகளை அருகிலேயே அமைத்தாக வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு.

அந்தக் கணக்கு பொய்த்தது. 1893இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி தோன்றியது; பணம் போட வந்தவர்கள் விலகிக்கொண்டார்கள். நிக்கோலா டெஸ்லா வளர்த்த மாறுமின்னோட்ட முறை வெற்றி பெற்று, 1896இல் நயாகராவின் மின்சாரம் தொலைவிலிருந்த பஃபலோ நகரை எட்டியது. அருவிக்கு அருகில் ஆலை இருக்க வேண்டும் என்ற தேவை அற்றுப்போயிற்று. லவ் அவர்கள் விட்டுச் சென்றது, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளமும் அவருடைய பெயருமே. மக்கள் அதை லவ் கால்வாய் என்று அழைத்தனர். கோடையில் சிறுவர்கள் அதில் நீந்தினார்கள். குளிர்காலத்தில் உறைந்த நீரின்மேல் சறுக்கி விளையாடினார்கள்.

1920களில் அந்தப் பள்ளம் குப்பை கொட்டும் இடமாயிற்று. பிறகு, 1942 முதல் பத்து ஆண்டுகளுக்கு மேலாக, ஹூக்கர் இரசாயனக் கம்பெனி தன் ஆலைக் கழிவுகளைப் பீப்பாய்களில் அடைத்து அங்கே புதைத்தது. அவ்வாறு புதைக்கப்பட்டவை 20,000 டன்னுக்கு மேற்பட்டவை. இது அக்காலச் சட்டத்துக்கு முரணானதன்று என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அவ்விடம் களிமண் பூமி. நீர் எளிதில் இறங்காது. ஊரும் அப்போது தள்ளியே இருந்தது. பள்ளம் நிறைந்ததும் மேலே களிமண்ணைப் போட்டு மூடினார்கள், புல் முளைத்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு பசும்புல்வெளியாகவே தோன்றியது.

போர் முடிந்த பின் நகரம் பெருகியது. 1960இல் அதன் மக்கள்தொகை 1,00,000ஐக் கடந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் தேவைப்பட்டன. நகரின் கல்விக் கழகம் நிலம் தேடியது. 1953இல் அந்தக் கம்பெனி கால்வாய் நிலத்தைக் கல்விக் கழகத்துக்கு ஒரு டாலர் விலைக்கு எழுதிக் கொடுத்தது. அந்தக் கிரயப் பத்திரத்தில் ஒரு வாசகம் இருந்தது. இந்நிலத்தில் இரசாயனக் கழிவுகள் நிரப்பப்பட்டுள்ளன. இவற்றால் எவருக்கேனும் தீங்கோ மரணமோ நேர்ந்தால் விற்பவர் பொறுப்பல்லர் என்பது அதன் சாரம். நேயர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். லவ் கால்வாயின் துன்பம் அறியாமையால் விளைந்ததன்று. செய்தி தாளில் எழுதப்பட்டிருந்தது, கையொப்பமும் இடப்பட்டிருந்தது. எழுதப்பட்ட அந்தச் செய்தி, அம்மண்ணின் அருகே குடிவந்த மக்களைச் சென்று சேரவில்லை. குற்றம் அங்கேதான் இருந்தது.

1955இல் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. அதைக் கட்டும்போதே இரசாயனக் குழிகள் தென்பட்டன. கட்டடத்தைச் சற்றுத் தள்ளி அமைத்தார்களேயன்றி, திட்டத்தைக் கைவிடவில்லை. எஞ்சிய நிலத்தை மனைகளாக்க முயன்றபோது, 1957இல் அந்தக் கம்பெனியின் சார்பிலேயே எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஆயினும் கால்வாயின் இருபுறமும் வீடுகள் வரிசையாக எழுந்தன. கழிவுநீர்க் குழாய்களுக்காகக் களிமண் கரைகளை வெட்டினார்கள். மேலே போட்டிருந்த களிமண் மூடியையும் அங்கங்கே கிளறினார்கள். சில ஆண்டுகளில் நெடுஞ்சாலை ஒன்று அமைந்து, நிலத்தடி நீர் ஆற்றை நோக்கிச் செல்லும் வழியை மறித்தது. களிமண்ணால் ஆன பள்ளம் ஒரு தொட்டியைப் போன்றது. மூடி உடைந்த தொட்டியில் மழைநீர் இறங்கும், இறங்கிய நீர் வெளியேற வழியின்றி நிரம்பும், நிரம்பினால் வழியும். அறிவியல் என்று சொல்லிக்கொள்ள இதில் பெரிய நுட்பம் ஒன்றுமில்லை. வீட்டில் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்போர் அனைவரும் அறிந்த செய்திதான்.

1970களின் நடுவில் பெய்த கடும் மழையாலும் பனியாலும் தொட்டி வழிந்தது. வீடுகளின் நிலவறைகளில் கரிய நீர் ஊறியது, நாற்றம் எழுந்தது. தோட்டத்துச் செடிகள் கருகின. பீப்பாய்களின் விளிம்புகள் மண்ணுக்கு மேலே தலைநீட்டின. உள்ளூர்ச் செய்தித்தாளின் நிருபர்கள் நிலவறை நீரைச் சோதிக்கச் செய்து உண்மையை வெளியிட்டார்கள். அதிகாரிகளும் ஆய்வு செய்து, பென்சீன் முதலிய பல நச்சுப் பொருள்கள் வீட்டுக் காற்றிலும் இருப்பதைக் கண்டார்கள். லோயிஸ் கிப்ஸ் என்ற இளந்தாய், தம் மகன் படிக்கும் பள்ளிக்கூடம் எதன்மேல் நிற்கிறது என்பதைச் செய்தித்தாளில் படித்தே அறிந்தார். அவர் விஞ்ஞானியும் அல்லர், அரசியல்வாதியும் அல்லர். கையில் ஒரு விண்ணப்பத்தோடு வீடு வீடாகச் சென்றார். யார் யாருக்கு என்ன நோய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். தெருவாரை ஒரு சங்கமாகத் திரட்டினார்.

1978 ஆகஸ்டு 2ஆம் நாள் மாநிலச் சுகாதார ஆணையர், கால்வாய்க்கு மிக அண்மையில் வாழும் கருவுற்ற பெண்களும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வெளியேற வேண்டும் என அறிவித்தார். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆகாத வீடு மூன்று வயதுக் குழந்தைக்கு மட்டும் ஆகுமா? இக்கேள்விக்கு எவரால் விடை கூற முடியும்? மக்கள் கொதித்தெழுந்தனர். ஐந்து நாட்களுக்குப் பின் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் அவசர நிலையை அறிவித்தார். வெள்ளம், புயல் முதலிய இயற்கைப் பேரிடர்களுக்கே வழங்கிவந்த கூட்டரசின் உதவி, மனிதன் புதைத்த நஞ்சுக்காக வழங்கப்பட்டது. முதலில் 239 குடும்பங்கள் வெளியேறின. 1980இல் இரண்டாவது அறிவிப்புக்குப் பின் வெளியேறியோரையும் சேர்த்தால் ஏறத்தாழ 900 குடும்பங்கள். பள்ளிக்கூடமும் அண்மை வீடுகளும் இடிக்கப்பட்டன. அதே 1980 டிசம்பரில் ‘சூப்பர்ஃபண்டு’ எனப்படும் சட்டம் பிறந்தது. மாசுபடுத்தியவரே தூய்மை செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பதும், நாடெங்கும் உள்ள இத்தகைய இடங்களைத் தேடிப் பட்டியலிட வேண்டும் என்பதும் அதன் அடிப்படை. லவ் கால்வாய் அப்பட்டியலிலிருந்து நீங்கியது 2004ஆம் ஆண்டில். பத்து ஆண்டு புதைத்ததைச் சீர்செய்ய இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இங்கே மாணவர்கள் ஓர் ஐயத்தை எழுப்பலாம். அங்கே வாழ்ந்தோரின் நோய்க்கு மண்தான் காரணம் என்பது மெய்ப்பிக்கப்பட்டதா? நேர்மையான கேள்வி. இதை நிறுவுவது எளிதன்று. ஒரு தெருவில் வாழ்வோர் சில நூறு பேரே. நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் மக்கள் ஊர் மாறிவிடுகிறார்கள். நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது. அங்கே வாழ்ந்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளிடம் பிறவிக் குறைபாடுகள் எதிர்பார்த்த அளவினும் மிகுதியாகக் காணப்பட்டன. மொத்தப் புற்றுநோயின் அளவோ அவ்வாறு தெளிவாக உயர்ந்திருக்கவில்லை. ஒன்று புலப்பட்டது, மற்றொன்று புலப்படவில்லை என்று உள்ளபடி கூறுவதே விஞ்ஞானத்தின் நேர்மை. ஆனால் முழுச் சான்றும் கைக்கு வரும்வரை குழந்தைகளை அங்கேயே குடிவைத்திருக்கலாமா? எச்சரிக்கைக்குச் சான்று சிறிது போதும். பரிகாரம் தேடுவதற்கே சான்று நிறைய வேண்டும்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய கதையென்று எண்ணாதீர்கள். நெதர்லாந்து நாட்டில் லெக்கர்கெர்க் என்ற ஊரில், பள்ளமான நிலத்தைக் கழிவுகளால் மேடாக்கி, அதன்மேல் 1970களின் தொடக்கத்தில் புதிய வீடுகளைக் கட்டினார்கள். மண்ணிலிருந்த டொலுயீன் போன்ற கரைப்பான்கள் குடிநீர்க் குழாய்களையே கெடுத்தன. 1980இல் அங்கு வாழ்ந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மண்ணைத் தோண்டியபோது 1,600 பீப்பாய்களுக்கு மேல் வெளிவந்தன. அதன் விளைவாக அந்நாடு மண்ணைத் தூய்மை செய்வதற்கென்றே தனிச்சட்டம் இயற்றியது. ஜப்பானின் தலைநகரான டோக்கியோவிலும் 1970களில் இதையொத்த நிகழ்ச்சி நேர்ந்தது. பழைய இரசாயன ஆலை ஒன்றின் நிலத்தை நகர வளர்ச்சிக்காக வாங்கியபோது, அங்கும் சுற்றுப்புறத்திலும் குரோமியக் கசடு ஏராளமாகக் கொட்டப்பட்டிருப்பது வெளிப்பட்டது. ஆறிணைதிறக் குரோமியம் எனப்படும் அந்த நஞ்சு, நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அந்த ஆலைத் தொழிலாளர் பலருக்கு மூக்கின் நடுத்தண்டு துளைபட்டிருந்தது. சிலர் நுரையீரல் புற்றுநோயால் மாண்டனர்.

அதே குரோமியம் நம் தமிழ்நாட்டுக்கும் அயலானதன்று. தோலைப் பதனிட அது பயன்படுகிறது. ராணிப்பேட்டையில் 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட்டு ஆலை, 2,00,000 டன்னுக்கு மேற்பட்ட கழிவை விட்டுச் சென்றது. மழை பெய்தால் நீர் மஞ்சள் நிறம் பெற்று ஓடியதை அவ்வட்டார மக்கள் அறிவார்கள். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு ஆகாமற்போயிற்று என்ற செய்தி, 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பில் இடம் பெற்றுள்ளது. தீங்கு வருமுன் காத்தல் வேண்டும், மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் இரு நெறிகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என அத்தீர்ப்பு உரைத்தது. சென்னையை எடுத்துக்கொண்டால், கொடுங்கையூரும் பெருங்குடியும் ஒரு காலத்தில் நகரின் விளிம்புகள். குப்பையைக் கொட்ட அவற்றைத் தேர்ந்ததன் காரணமும் அதுவே. இன்று அவற்றைச் சூழ்ந்து வீடுகள் இருக்கின்றன.

மண்ணில் உள்ள நஞ்சு மனிதன் உடம்புக்குள் எவ்வாறு புகுகிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழைநீரோடு இறங்கிக் கிணற்றை அடைகிறது. இது ஒரு வழி. ஆவியாகிச் சுவரிடுக்குகளின் வழியே வீட்டுக்குள் வருகிறது, இது மற்றொன்று. கீரையிலும் நெல்லிலும் ஏறி உணவாகிறது. ஜப்பானின் தொயாமா பகுதியில், சுரங்கத்திலிருந்து ஆற்றுநீர் வழியே வயலில் படிந்த காட்மியம் அரிசியில் ஏறி, சிறுநீரகத்தைக் கெடுத்து எலும்பை நொறுங்கச் செய்தது. நோயாளிகள் வலி பொறாமல் அலறிய ஒலியே ‘இத்தாய் இத்தாய்’ என்று அந்நோய்க்குப் பெயராயிற்று. நான்காவது வழிதான் நகரங்களில் மிகப் பொதுவானது. அது புழுதி.

புழுதியின் நஞ்சுக்குப் பள்ளமும் பீப்பாயும் வேண்டுவதில்லை. 1920கள் முதல் பெட்ரோலில் ஈயம் கலந்து விற்றார்கள். வண்டியின் புகையோடு வெளிவந்த ஈயம் சாலையோர மண்ணில் படிந்தது. இந்தியா 2000ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. புகை நின்றுவிட்டது, படிந்த ஈயம் மேல்மண்ணிலேயே தங்கியிருக்கிறது. பழைய சுவர்ப்பூச்சு உதிர்வதாலும், பழைய மின்கலங்களைத் தெருவோரப் பட்டறைகளில் உடைத்து உருக்குவதாலும் அது மேலும் கூடுகிறது. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைப்பது குழந்தையின் இயல்பு. உட்சென்ற ஈயத்தில், பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு மிகுதியான பங்கைக் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளக்கூடும். வளரும் மூளையை அது தாக்குகிறது. படிப்பில் பின்தங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று நாம் வைதுகொண்டிருப்போம்.

இதற்கெல்லாம் பரிகாரம் உண்டா? உண்டு. கெட்ட மண்ணை அகற்றலாம். அகற்ற இயலாதபோது நீர் இறங்காதவாறு மூடி, கசிவை வாங்கிச் சுத்தம் செய்யலாம். ஆறிணைதிறக் குரோமியத்தை இரும்புச் சல்பேட்டு போன்ற பொருளால் தீங்கு குறைந்த வடிவுக்கு மாற்றலாம். வீட்டளவில், குழந்தைகள் உண்ணுமுன் கைகழுவச் செய்வதும், ஐயத்துக்கிடமான இடத்தில் நல்ல மண்ணைக் கொண்டுவந்து தொட்டிகளில் காய்கறி வளர்ப்பதும் பயன் தரும். ஆனால் இவையனைத்துக்கும் முன்னே வேண்டுவது ஒன்று: எந்த மண்ணில் என்ன இருக்கிறது என்ற அறிவு. இந்திய அரசும் 2025ஆம் ஆண்டில், மாசுற்ற இடங்களைக் கண்டறிந்து சீர்செய்வதற்கான விதிகளை வெளியிட்டுள்ளது. விதி வந்தால் மட்டும் போதாது. லவ் கால்வாயில் எழுத்து இருந்ததே! எழுத்து மக்களைச் சென்று சேர வேண்டும்.

இங்கேதான் மாணவர்களாகிய உங்களுக்கு ஒரு பணி இருக்கிறது என்று நான் கருதுகிறேன். சரித்திரம் என்றால் அரண்மனையும் போர்க்களமும் மட்டுமல்ல. உங்கள் தெருவுக்கும் சரித்திரம் உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்தது வயலா, குளமா, சாயப்பட்டறையா, குப்பைமேடா? குளத்தைத் தூர்த்திருந்தால் எதைக்கொண்டு தூர்த்தார்கள்? பாட்டனாரையும் பாட்டியாரையும் கேளுங்கள். பழைய வரைபடங்களைத் தேடிப் பாருங்கள். கண்டதை எழுதி, வரைபடத்தில் குறித்து, உங்கள் பள்ளியிலும் நகராட்சியிலும் கொடுங்கள். ஐயம் தோன்றும் இடத்து மண்ணைச் சோதிக்குமாறு கேட்பது குடிமக்களின் உரிமை. கிப்ஸ் அம்மையார் கையில் இருந்ததும் ஒரு பென்சிலும் தாளும் அன்றி வேறென்ன?

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுவது நம் மரபு. நிலம் பொறுக்கும் என்பது மெய்யே. ஆனால் பொறுத்துக்கொண்டதை அது மறந்துவிடுவதில்லை, மறப்பவர்கள் நாமே. நகரங்கள் வளரட்டும், புதிய தெருக்கள் எழட்டும், அங்கே குழந்தைகள் பிறக்கட்டும். கடைக்கால் தோண்டுவதற்கு முன் அந்த மண்ணின் கதையை ஒருமுறை படித்துப் பார்க்கும் வழக்கம் மட்டும் நம்மிடையே நிலைபெற வேண்டும்.